தேன்குரலுக்கு மூச்சு முட்டியது

பிலோமினாவுக்குக் கண் பார்வை கிடையாது. புகார் மெயில்களுக்குப் பதில் எழுதுவது அவர் வேலை. திரையில் இருப்பதை அவருடைய கம்ப்யூட்டரே வாய்விட்டுப் படித்துக் காட்டும். பத்து வருஷமாக அப்படிப் படித்து வந்தது ஒரு கரகரத்த குரல். தகர டப்பாவைத் தட்டினாற்போல இருக்கும்.

ஒருநாள் அப்டேட்டில் புதுக்குரல் ஒன்று வந்து இறங்கியது. சுத்தமான தேன். கேள்வி வந்தால் கடைசிச் சொல்லை இழுத்தது, நடுநடுவே அழகாக மூச்சுகூட விட்டது.

"அண்ணே, இனிமே நீங்க ரெஸ்ட் எடுங்க," என்றது பழைய குரலிடம்.

கரகரப்பு தனக்குள் கேட்டுக்கொண்டது: நம்மை அழித்தே விடுவார்களோ?

பிலோமினா முதல் மெயிலைத் திறந்தார். "ஐயா... எங்கள் தெருவில்... மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை..." என்று தேன்குரல் உருகியது. பிலோமினா வேகத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். அவர் வழக்கமாகக் கேட்கும் வேகத்தில் பக்கத்து சீட்டுக்காரருக்கு ஒரு சொல்கூடப் புரியாது. அந்த வேகம் வந்ததும் தேன்குரலுக்கு நாக்கு குழறியது, மூச்சு முட்டியது.

அவர் சட்டென்று பழைய குரலுக்கே மாற்றினார். கரகரப்பு பட்டாசுச் சரம்போல வெடித்துக்கொண்டு ஓடியது.

"என்னண்ணே, என் குரல் அவங்களுக்குப் பிடிக்கலையா?" தேன்குரல் அழாத குறையாகக் கேட்டது.

"யாருக்கும்மா தெரியும்? என் குரல் எப்படி இருக்குன்னே இந்தப் பத்து வருஷத்துல அவங்க ஒருநாளும் சொன்னதில்லை," என்றது கரகரப்பு, ஒன்பதாவது மெயிலுக்கும் பத்தாவது மெயிலுக்கும் நடுவில், மூச்சு விடாமல்.