வாசற்படி தாண்டாத மகன்

இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள், கண்ணுகளா. நம் நேபாளத்துப் பக்தபூரில் ஒரு காலையில் நடந்த கதை இது. கேட்டு முடிக்கிற வரைக்கும் யார் மேலும் கோபப்படக் கூடாது.

"செருப்புக்குக் காவல் நிக்கத்தான் உன்னைப் பெத்தேனா?"

தத்தாத்ரேயர் கோயில் வாசலில் நின்று ஹேராமாயா கேட்டாள். இளைய மகன் ரவீன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் மனைவி ரோஜினா, பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய பக்கத்து மடத்துச் சன்னல்களை, டிக்கெட் வாங்கிக்கொண்டு சுற்றிப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரி மாதிரி அண்ணாந்து பார்த்தாள்.

மூத்தவன் ஹரிகோபால் ஆறு வருடம் கழித்து, கத்தாரிலிருந்து மறுநாள் வருவதாக இருந்தது. போன வாரம் அவனே போனில் சொன்னான். அவன் வீடு வந்து சேருமுன், தத்தாத்ரேயர், ஐந்தடுக்கு ஞாதபோலா கோயில், அரண்மனைக்குள் இருக்கும் தலேஜு அம்மன் என்று மூன்று சந்நிதியிலும் தன் கையால் விளக்கேற்றுவதாக ஹேராமாயா வேண்டிக்கொண்டிருந்தாள். அதில் ஒன்று குறைந்தாலும் பிள்ளைக்கு ஆகாது என்ற பயம் ஆறு வருடமாக அவளைத் தூங்க விட்டதில்லை.

அதனால் திட்டிக்கொண்டே தனியாக உள்ளே போய் விளக்கேற்றிவிட்டு வந்தாள். பூஜைத் தட்டை மருமகளிடம் நீட்டினாள். ரோஜினா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அந்த மூன்று நாளும் முடிந்து அவள் தலைக்குக் குளித்தது போன வாரம்தானே என்று மாமியார் மனசுக்குள் கணக்குப் போட்டாள். கணக்கு உதைத்தது. கோபம் இன்னும் ஏறியது.

ஞாதபோலாவில் விஷயம் தெருவுக்கே வந்துவிட்டது. அந்தப் படிகளின் உயரம் உங்களுக்குத் தெரியும். ஹேராமாயாவுக்கோ இரண்டு முழங்காலும் போய்விட்டன. கையைக் கொடு என்றாள். ரவீன் இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, அந்த வழியாகப் போன கல்லூரிப் பெண்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, அம்மாவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான்.

அடிவாரத்தில் சாமந்தி விற்கிறவள் சும்மா இருப்பாளா? "உன் பிள்ளை வெள்ளைக்காரன் ஆயிட்டானா அக்கா? மேல ஏற டிக்கெட் எடுக்கணும்னு பயப்படுறானோ?" என்றாள்.

"கட்சி ஆபீசுக்குப் போறான்ல, சாமியே இல்லேன்னு அங்க சொல்லிக் கொடுத்திருப்பாங்க. அந்தக் கட்சிக்காரனுங்களே வருஷா வருஷம் தசைன் பண்டிகைக்கு அம்மனுக்கு ஆடு வெட்டுறானுங்க. என் பிள்ளைக்குத்தான் புதுசா ஞானம் வந்திருக்கு" என்று மூச்சு வாங்க, ஊரார் பிள்ளைகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

கடைசியாக அரண்மனையின் தங்க வாசல். தோல் சாமான் எதையும் உள்ளே விடமாட்டார்கள். ரவீன் தன் பெல்ட்டைத் தொட்டுக் காட்டினான். கழற்றி வைத்துவிட்டு வா என்றாள் அம்மா. கழற்றினால் பேன்ட் நிற்காது என்று ரோஜினா முணுமுணுத்தாள். காவலுக்கு நின்ற சிப்பாய் வாயைப் பொத்திக்கொண்டான். ஹேராமாயா அவர்கள் இருவரையும் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வெளியே வரும்போது நெற்றி நிறையக் குங்குமம். என்ன கோபம் இருந்தாலும் பெற்ற மனசு கேட்கவில்லை. தயிரில் குழைத்த அட்சதையைக் கொஞ்சம் எடுத்து மகன் நெற்றியில் வைக்கப் போனாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்வாங்கினான்.

அவள் கை அப்படியே நின்றது. இந்தத் தடவை தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"உன்னைப் படிக்க வைக்க அவன் அந்த வெயில்ல வெந்தான். அவனுக்காக ஒரு கும்பிடு போட உனக்குக் கசக்குது. நாளைக்கு அவன் வந்ததும் வாசல்லயே சொல்லிடுறேன், இப்படி ஒரு தம்பி உனக்கு வேண்டாம்னு. இனிமே உன் அடுப்பு வேற, எங்க அடுப்பு வேற."

ரவீன், "மூணும் முடிஞ்சுதாம்மா?" என்று மட்டும் கேட்டான்.

"முடிஞ்சுது. யார் தயவும் இல்லாம முடிஞ்சுது."

"ஒண்ணும் பாக்கி இல்லையே?"

"ஒண்ணும் இல்ல. ஏன் கேக்குற?"

அப்போதுதான், அன்று முதன்முறையாக, ரவீன் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"வேண்டுதல்ல குறை வெச்சதாலதான் அண்ணன் போனான்னு நீ ஆயுசுக்கும் உன்னையே திட்டிக்கக் கூடாதும்மா. முந்தாநாளே கத்தார்லேருந்து போன் வந்துடுச்சு. சாவு தெரிஞ்சவங்களுக்குத்தானே தீட்டு. உன்கிட்ட அதை ஒட்ட விடக் கூடாதுன்னுதான் நாங்க ரெண்டு பேரும் உன்னைத் தொடாம நின்னோம்."

தூர தேசம் போயிருக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் தங்கள் காலாலேயே நடந்து வந்து சேரட்டும், கண்ணுகளா.