விசிறியில் நகங்கள்

கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் நகர்கிறது என்று அந்த அம்மா இரண்டாம் முறையாகக் கூப்பிட்டிருந்தார். மெக்கானிக் பெட்டியைத் திறந்தார். போன மாதம் துடைத்துச் சுத்தமாக்கிய விசிறியில் மறுபடியும் வெட்டிய நகங்கள் மஞ்சளாக, அழுக்கேறி அடைத்திருந்தன.

"யாரும்மா இங்க உக்காந்து நகம் வெட்டுறது?"

"எங்க வீட்டுக்காரர்தான். எத்தனை தடவை திட்டியிருப்பேன்!"

"நான் வேணா அவர்கிட்ட சொல்லிப் பாக்கட்டுமா?"

"அவர் போய் மூணு வருஷமாச்சுப்பா." அந்த அம்மா முகத்தைச் சுளித்தார். "செத்தும் இந்தக் கர்மத்தை விடலையே!"

மெக்கானிக் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். அந்த அம்மா எரிச்சலோடு ஒரு குப்பைக்கூடையைக் கொண்டுவந்து மேசைக்கடியில் ணங்கென்று வைத்தார்.

அதன் பிறகு கம்ப்யூட்டர் ஒருநாளும் திணறவில்லை. வாரம் ஒருமுறை மட்டும் அந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு கூடையைக் கொட்டிவிட்டு வருகிறார்.