விற்றுப்போன கீபோர்ட்

"அது வித்துப் போச்சு, மகள்" என்றேன்.

நத்தார்ப் பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கையில் இந்த வசனத்தை என்னைப்போல் முகம் மாறாமல் சொல்ல பதுளையில் வேறு விளையாட்டுச் சாமான் கடை முதலாளி கிடையாது.

கண்ணைத் தாழ்த்தக் கூடாது. குரலில் கொஞ்சம் வருத்தம் இருக்க வேண்டும், கூடிவிடவும் கூடாது.

தேயிலைத் தோட்டங்களிலிருந்து தகப்பன்மார் முதல் நாளே தனியாக வந்து, பிள்ளையின் படத்தைப் போனில் காட்டிவிட்டுப் போவார்கள். மறுநாள் அந்தப் பிள்ளை விலை கூடியதைக் கை காட்டினால், அது விற்றுவிட்டதாக மர்ஸூக் முதலாளியாகிய நான் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் ஆசை வருடா வருடம் ஏறுகிறதே, அவர்களும் என்னதான் செய்வார்கள்.

தெமோதரைத் தோட்டத்து ரஜீவும் நேற்றுக் காலையில் வந்து சொல்லிவிட்டுத்தான் போனார். மகளுக்கு ஒன்பது வயது. முந்தின வருடம் கலர்ப் பென்சில் பெட்டி கேட்டாளாம், போன வருடம் பேசும் பொம்மை. இந்த வருடம் பாட்டு வாசிக்கிற கீபோர்ட், அதுவும் பெரியது. மாதா கோயிலில் கரோலுக்கு வாசிக்க வேண்டுமாம்.

இன்று மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

பிள்ளை கண்ணாடி அலுமாரியில் காலியாகக் கிடந்த இடத்தையே பார்த்தாள். உதடு துடித்தது.

ரஜீவ் என்னை மெச்சிப் பார்த்தார். பெட்டியைக்கூட ஒளித்து வைத்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

அதட்டியது தாய்தான்.

"கேக்குறதெல்லாம் கெடைக்குமா? பேசாம அந்த ஸ்கிப்பிங் கயித்த எடுத்துக்கிட்டு நட."

எனக்கே மனம் கேட்கவில்லை. பிள்ளையைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்றிருந்தது.

படியிறங்கும் முன் ரஜீவ் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பொய்க்கு நன்றி. நானும் கூசாமல் வாங்கிக்கொண்டேன்.

ஆனால் நான் சொன்னது பொய்யில்லை.

நேற்று அவர் வந்து போன பிறகு, பின்னேரம், கொழுந்துக் கறை போகாத கையோடு அந்தத் தாய் தனியாக வந்தார். கீபோர்டை வாங்கினார். புருஷனுக்கும் தெரியக் கூடாது என்றார். நத்தார் காலையில் இரண்டு பேரும் ஒன்றாகத் திறந்து பார்க்கட்டுமாம்.

ஒரே அறை லயத்து வீட்டில் இவ்வளவு பெரிய பெட்டியை எங்கே ஒளிப்பது என்று கேட்டேன்.

"அவரு கட்டிலுக்குக் கீழதான், மொதலாளி. அங்க கூட்டுறது நான் மட்டுந்தான்."