எதிர்வீட்டு நாயின் சாட்சி

நாலு மணிக்குள் ‘குரோக்’ என்ற சொல்லைச் சாகடித்தாக வேண்டும். வினிஃப்ரெட் பாக்ஸ்டருக்கு மனசு வரவில்லை.

யார்க் நகரத்து அந்த அகராதி அலுவலகத்தின் விதி அப்படி. ஐம்பது வருஷமாக யாரும் அச்சில் எழுதாத சொல்லுக்கு முன்னால் ஒரு குட்டிக் கத்திக் குறி விழும். வழக்கொழிந்தது என்று அர்த்தம். தப்பிக்க வேண்டுமானால் வெளியாட்கள் இரண்டு பேராவது அதை அச்சில் எழுதியிருக்க வேண்டும். அலுவலகத்து ஆட்கள் எழுதினால் செல்லாது. கண்டுபிடித்தால் சீட்டுக் கிழியும்.

ஒருவர் சாப்பிடும்போது, நமக்கும் ஒரு வாய் தரமாட்டாரா என்று ஏக்கமாகப் பார்த்துக்கொண்டே நிற்பதற்குப் பெயர்தான் குரோக். உலகம் முழுக்க அந்த வேலை மும்முரமாக நடக்கிறது. சொல் மட்டும் செத்துவிட்டது என்றால் என்ன நியாயம்? வினிஃப்ரெட்டுக்கு அழுகையே வந்தது.

அதனால்தான் போன வாரம் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். உள்ளூர் வாரப் பத்திரிகைக்கு வேறு பெயரில் ஒரு கடிதம். எதிர்வீட்டுப் பழுப்பு நாய் தினமும் ஜன்னலில் வந்து நின்று நான் காலையில் சாப்பிடும்போது என்னைக் குரோக் செய்கிறது, சொந்தக்காரர் கவனிக்கக் கூடாதா என்று புகார். அப்படியே அச்சில் வந்துவிட்டது.

இப்போது அந்தப் பத்திரிகைத் துண்டு தலைமைப் பதிப்பாசிரியர் திரெல்ஃபாலின் கையில் இருந்தது. மனிதருக்கு விதி என்றால் விதிதான். பெற்ற தாய் சொன்ன சொல்லையே சான்றில்லை என்று திருப்பி அனுப்பியவர். பதினோரு வருஷமாக வினிஃப்ரெட் எழுதும் ஒவ்வொரு வரியையும் திருத்துபவரும் அவரே.

இன்னொரு கையில் சீஸ் சாண்ட்விச். கடித்தபடியே இரண்டு தடவை படித்தார்.

“ஒரு ஆளு எழுதினா பத்தாது, மிஸ் பாக்ஸ்டர். ரூல் தெரியும்ல?”

போச்சு. கத்திக் குறி வைக்க அவள் பேனாவை எடுத்தாள்.

திரெல்ஃபால் மேஜை டிராயரைத் திறந்து இன்னொரு துண்டை அவள் பக்கம் தள்ளினார். அதே பத்திரிகை, அன்று காலை வந்த இதழ்.

நாயின் சொந்தக்காரர் பொங்கியிருந்தார். தன் நாய் நல்ல குடும்பத்து நாயாம். வயிறு முட்டத் தின்கிறதாம். யாரையும் குரோக் செய்ய வேண்டிய தலையெழுத்து அதற்கு இல்லையாம். அதோடு விட்டாரா? குரோக் ஸ்காட்லாந்திலிருந்து வந்த சொல் என்று அதன் குலம் கோத்திரம் வரைக்கும் நாலு வரி எழுதியிருந்தார்.

வினிஃப்ரெட் நிமிர்ந்தாள். திரெல்ஃபால் அவளைப் பார்க்காமல் சாண்ட்விச்சை மென்றுகொண்டிருந்தார்.

“ரெண்டு பேர் ஆச்சு. கத்தி வேணாம்.”

அவள் பேனாவை மூடினாள்.

வினிஃப்ரெட் வீட்டுக்கு எதிரே இருப்பது கல்லறைத் தோட்டம். அங்கே வீடே கிடையாது, நாய்க்கும் அதன் சொந்தக்காரருக்கும் எங்கே போவது?