ஏறி வந்த தெரு

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு தெரு ஏறி வந்த கதை சொல்கிறேன். செண்பகவடிவு கல்யாணமாகி வந்தபோது புருஷன் வீட்டுக்குள் படியேறித்தான் போகவேண்டும். நகராட்சிக்காரர்கள் பழைய ரோட்டின் மேலேயே புது ரோட்டைப் போட்டுப் போட்டுப் படியெல்லாம் புதைந்து, வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. இந்தத் தடவை தார் வண்டி வந்ததும் அவள் மேஸ்திரியை மறித்து நின்றாள்.

"பழசைச் சுரண்டிட்டுப் போடுங்க தம்பி. எங்க வீட்டுக்காரரு கைகால் விளங்காமப் பாயில கிடக்காரு. மழை பெஞ்சா தெருத்தண்ணி பூரா உள்ளதான் வரும்."

"போடத்தான் உத்தரவு, சுரண்ட உத்தரவு இல்லக்கா. அண்ணனை நீச்சல் பழகச் சொல்லுங்க" என்று அவன் சிரித்தான்.

ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியபோது அவள் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தாள். அடித்துப் பிடித்து ஓடி வந்து பார்த்தால், வீட்டுக்குள் பாய் மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

மற்ற வீடுகளில் பாடையைத் தெருவுக்கு இறக்குவார்கள். அவரைத் தெருவுக்கு ஏற்றினார்கள். மேலே நின்று கைகொடுத்துத் தூக்கியவன், பக்கத்துத் தெரு வேலைக்கு வந்திருந்த அந்த மேஸ்திரிதான். செண்பகவடிவு அவன் முகத்தைப் பார்த்து, "ரோடு நல்லா இருக்கா தம்பி? கால் வழுக்கலையே?" என்று கேட்டாள்.

உங்கள் வீட்டு வாசல் என்றைக்கும் தெருவைவிட ஒரு படியாவது உயர்ந்தே இருக்கட்டும், கண்ணுகளா.