வெளியே போகும்போது

நாற்காலி கதவுக்கு முதுகு காட்டிக் கிடந்தது.

அவர் அதைத் தூக்கிச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தார். இப்போது கதவு தெரிந்தது.

சிறைக்குள் இத்தனை வருடம் காவல் பார்த்தவர் எந்தக் கதவுக்கும் முதுகைக் காட்டுவதில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். காவலர்களை மனம்விட்டுப் பேச வைக்க, மனநல ஆலோசகராக அவளை அனுப்பியிருந்தார்கள்.

"தூக்கம் எப்படி இருக்கு சார்?"

"வருது மேடம்."

"சாப்பாடு?"

"அதுக்கென்ன."

வெளியே வராந்தாவில் சிரிப்புச் சத்தம். அடுத்து வர வேண்டியவர்கள்.

புதிதாக வரும் கைதிகளைச் சோதித்து உள்ளே விடுவது அவர் வேலை. சிலருடைய கண்ணைப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும். அவர்களிடம் மட்டும் பெல்ட்டோடு துண்டையும் வாங்கிவிடுவார். அரைஞாண் கயிற்றைக்கூட விடமாட்டார்.

"வெளிய போறப்ப வாங்கிக்கப்பா" என்பார்.

போன மாதம் வந்த பையனிடமும் எல்லாவற்றையும் வாங்கினார். அதையேதான் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து, தொங்கியவனைக் கீழே இறக்கியதும் அவர்தான்.

அவன் பெல்ட் இன்னும் அலமாரியில் இருக்கிறது. சுற்றி வைத்தபடியே.

"வேற ஏதாவது சொல்லணுமா சார்?"

"ஒண்ணுமில்ல மேடம். நல்லாருக்கேன்."

எழுந்தார். கதவைத் திறந்தார்.

"என்னண்ணே, தலையில கரண்ட் வச்சாங்களா?" வராந்தாவிலிருந்து ஒருவன் கேட்டான். பக்கத்தில் இருந்தவன் தோள் குலுங்கச் சிரித்தான்.

அவரும் சிரித்தார்.

சிரித்த வாய் அப்படியே நின்றது.

காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் ஒரு கண்ணைப் பார்த்திருந்தார். பார்த்ததும் விளக்கை அணைத்திருந்தார். அந்தக் கண்ணை அவருக்குத் தெரியும்.

கதவை உள்பக்கமாகச் சாத்தினார்.

இடுப்பிலிருந்து பெல்ட்டைக் கழற்றினார். கைதிகளுடையதைச் சுற்றுவது போலவே இறுக்கமாகச் சுற்றி மேசைமேல் வைத்தார். தோளில் கிடந்த விசில் கயிறு எளிதில் அவிழவில்லை. அவிழ்த்து அதையும் பக்கத்தில் வைத்தார்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

அவர் நாற்காலியைப் பழைய இடத்துக்கே இழுத்தார். கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"வெளிய போறப்ப வாங்கிக்கிறேன் மேடம்" என்றார்.