புது வில்லனின் ஒரே வசனம்

பழைய ரோபோ படத்தை மறுபடி எடுக்கிறார்கள். வில்லன் ரோபோவை உதவி எழுத்தாளர் மாற்றி எழுதியிருந்த காட்சியைப் படித்துவிட்டு இயக்குநர் கொதித்தார்.

"துப்பாக்கி இல்ல, சிவப்புக் கண்ணும் இல்ல. உள்ள மாட்டினவன் கதவைத் திறன்னு நாலு தடவை கெஞ்சுறான். ஒவ்வொரு தடவையும் 'பாக்கலாம்'ங்குது. முடியாதுன்னாவது சொல்லித் தொலைக்கலாம்ல? பத்திக்கிட்டு வருது."

"நல்லா இல்லையா சார்?"

"அசல் வில்லன்மா. எங்கேருந்து பிடிச்சே இந்த ஈவிரக்கமில்லாத ஜென்மத்தை?"

உதவி எழுத்தாளர் தன் விடுப்புக் கடிதத்தை மேஜையில் வைத்தாள். "இதுக்கும் நாலு தடவை ஆச்சு சார். நாளைக்கு அம்மாவுக்கு ஆபரேஷன்."

"பாக்க..." என்று தொடங்கிய இயக்குநர் வாயை மூடிக்கொண்டார்.

அவள் பேனாவை நீட்டினாள்.